கிணற்றடி வகுப்பு

யூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினத்துக்கு உங்கள் பாடசாலையிலும் மரக்கன்று நட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் அது சோழகம் அடிக்கிற, மழையைக் காணாத காலம். ஆடி பிறக்கும்போது கன்று நின்ற இடத்தில் குச்சி நிற்கும். அடுத்த யூனில் அதே குழியில் இன்னொரு கன்றை நடுவோம். பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இருப்பதில்லை. மரம் நடுவது படம் எடுப்பதற்கான வேலை என்பதைத்தான் அவர்கள் அந்த நாளில் படிக்கிறார்கள்.

ஊரோடு சேர்ந்து சுற்றாடல் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும், சனசமூக நிலையங்களில் பிள்ளைகளை வைத்து வேலை செய்பவர்களுக்கும் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. புரட்டாதியில் தொடங்கிச் சித்திரையில் ஒரு கட்டம் முடியும் எட்டு மாத வேலை இது. 20 பிள்ளைகள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஒரு குறிச்சி, அதிலுள்ள பத்துக் கிணறுகள் போதும். கிணற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் நேரானது. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல் நீரேரியில் விழுகிறது. குழாய்த் தண்ணீர் எட்டாத இடங்களில் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர்தான். அந்த நீரைப் பார்க்கக் கிணற்றைவிட வேறு வாசல் இல்லை. அது பிள்ளையின் வளவுக்குள்ளேயே இருக்கிறது.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவே

நாங்கள் நடப்பது சுண்ணாம்புக்கல்லின் மேல். அதில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மழைநீர் விரைவாக உள்ளே இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் இப்படி மிதக்க முடிகிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. இதையே திருப்பிப் பார்த்தால், இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்முன் சாட்சி. இராமர் அம்பு எய்து உண்டாக்கினார் என்று ஊர் சொல்லும் அந்தக் கிணற்றில் மேல் நீர் நன்னீர், ஆழத்தில் உப்பு. மெக்சிகோவின் யுகாத்தான் குடாநாட்டிலும் இதே மாதிரிச் சுண்ணாம்புக்கல்லும், இதே மாதிரி இடிந்து உருவான நீர்க்குழிகளும் இருக்கின்றன.

நீர் விரைவாக இறங்கும் கல்லில் அழுக்கும் விரைவாக இறங்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியாவும், மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை உங்கள் பிள்ளைகளுக்குச் செவிவழியாகவாவது தெரிந்திருக்கும். அது பற்றித் தொடரப்பட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதற்குப் பொறுப்பான மின் உற்பத்தி நிறுவனத்துக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

இதற்கு மேல் விளக்கவுரை வேண்டாம். மீதியைக் கயிறும் பேணியும் சொல்லும்.

ஊரைக் கேட்டுத் தொடங்குதல்

1. முதலில் அதிபர். வாயால் சொல்வதோடு ஒரு பக்கத் திட்டம் ஒன்றையும் எழுதிக் கொடுங்கள். எந்த நாட்கள், எத்தனை பிள்ளைகள், பொறுப்பாக யார் வருகிறார்கள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். வெளியே கூட்டிப்போவதற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டுமா என்பதை அதிபரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. அடுத்து கிராம அலுவலர். எந்த வளவு யாருடையது, எந்தக் காணிக்குள் போகக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

3. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் நீர் மாதிரி பரிசோதிக்க வேண்டி வரும்போது அவரிடம் புதிதாக அறிமுகமாகப் போய் நிற்க வேண்டி இராது.

4. சனசமூக நிலையம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு. இந்த மூன்றிலும் ஒவ்வொருவர் குழுவில் இருக்கட்டும். தோட்டம் செய்பவர் ஒருவராவது இல்லாமல் தொடங்க வேண்டாம். "ரீச்சர் பிள்ளையளைக் கொண்டு எங்கட பசளையைப் பிழை பிடிக்கிறா" என்ற கதை ஒரு முறை கிளம்பினால் அடங்க வருடக் கணக்காகும்.

5. கிணற்றுக்காரரிடம் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து போய்க் கேளுங்கள். எட்டு மாதம் கிழமைக்கு ஒரு தரம் வருவோம், உங்கள் கிணற்றின் கணக்கை முதலில் உங்களுக்கே தருவோம் என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள்.

உங்கள் பாடசாலையில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிப் படையணி இருந்தால் அந்தப் பிள்ளைகளோடு தொடங்குவது இலகு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பதக்கத்துக்குக் கோவை தயாரிப்பதே வேலையாகிவிட்டால் பிள்ளை கிணற்றைப் பார்க்காது, கோவையின் மட்டையைத்தான் பார்க்கும். ஆரம்பப் பிரிவு என்றால் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடவேளையையும், மேல் வகுப்பு என்றால் விஞ்ஞானம், புவியியல் பாடவேளைகளையும் பயன்படுத்தலாம். தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் நாட்களில் கேட்காதீர்கள். பெற்றார் தர மாட்டார்கள். தராததில் நியாயமும் இருக்கிறது.

ஆசிரியர் முதலில் நனைய வேண்டும்

பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கு முன் ஒரு சனிக்கிழமையை ஆசிரியர்களுக்கென்று ஒதுக்குங்கள். மண்டபத்தில் இருந்து படம் பார்க்கும் கருத்தரங்காக அதை ஆக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு ஐந்து கிணறுகளுக்குப் போய், பிள்ளைகள் செய்யப்போகும் எல்லாவற்றையும் ஆசிரியர்களே செய்து பார்ப்பது. அளவெடுத்து, எழுதி, ஒரு முதியவரோடு இருந்து கதைத்து, மத்தியானம் எங்கே பிழைத்தது என்று பேசுவது. விஞ்ஞானப் பட்டதாரிகூடக் கயிற்றில் முடிச்சை எண்ணத் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் வெட்கப்பட்டால் நல்லது. பிள்ளை தடுமாறும்போது கோபம் வராது.

வெளியே போய்ப் படிப்பிப்பது எங்களுக்குப் புதிதல்ல. விஞ்ஞான ஆசிரியர்கள் சேர்ந்து மாணவரை நீரேரிக் கரைக்குக் கூட்டிப்போய்ப் படிப்பிப்பதற்காக எழுந்ததுதான் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம். இன்றைய உயர்தர மாணவருக்கு அந்தப் பெயர் மாதிரி வினாத்தாளாகத்தான் தெரியும். பரீட்சை எதையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். உங்கள் கிணற்றடி வகுப்பையும் இழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: இரண்டு கிளாஸ் தண்ணீர்

வெளிக்கிடும் முன் வகுப்பறையில் இதைச் செய்யுங்கள்.

1. ஒரு கிளாசில் அரைவாசித் தண்ணீர் எடுத்து, மூன்று மேசைக்கரண்டி உப்புப் போட்டு நன்றாகக் கரையுங்கள். உடுப்புக்குப் போடும் சொட்டு நீலம் இரண்டு துளி விடுங்கள்.

2. இன்னொரு கிளாசில் நிறமில்லாத நல்ல தண்ணீர். அதைக் கரண்டியின் முதுகில் மெல்ல மெல்ல ஊற்றி நீல நீரின் மேல் இறக்குங்கள். அவசரப்பட்டால் கலங்கிவிடும்.

3. மேலே தெளிவு, கீழே நீலம். பிள்ளைகள் பார்க்கட்டும். விளக்கம் சொல்லாதீர்கள்.

4. ஊசியில்லாத புதிய சிரிஞ்சின் முனையைத் தெளிந்த நீருக்குள், நீலத்துக்குச் சற்று மேலே வைத்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். தெளிந்த நீர் வரும்.

5. இப்போது வேகமாக இழுக்கச் சொல்லுங்கள். நீலம் மேலேறி வரும்.

"சேர், எங்கட தோட்டக் கிணறும் இப்பிடித்தான் சவர்த்ததோ?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்கவில்லை என்றால் அடுத்த கிழமை வரை பொறுங்கள். உறிஞ்சுகுழாயால் வாய் வைத்து இழுக்க விடவேண்டாம். நீலம் குடிப்பதற்கானதல்ல.

கயிறும் பேணியும்: நீர்மட்டம் அளத்தல்

இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தேவையானவை: 40 அடி நைலோன் கயிறு, சிறிய தகரப் பேணி ஒன்று, அளவுநாடா, அழியாத மை, கொப்பி. தும்புக் கயிறு வேண்டாம். நனைந்தால் சுருங்கி அளவு பிழைக்கும்.

1. பேணியின் அடியில் துளையிட்டு, அது கவிழ்ந்து தொங்கும்படி கயிற்றைக் கட்டுங்கள். உள்ளே ஓர் ஆணிக்கட்டைக் கட்டிவிட்டால் பாரம் கிடைக்கும். கவிழ்ந்த பேணி நீரைத் தொட்டதும் "டொப்" என்று கேட்கும். ஆழமான, இருண்ட கிணற்றிலும் கண்ணை நம்பாமல் காதை நம்பலாம்.

2. பேணியின் வாயிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் கயிற்றில் கோடு போடுங்கள். ஐந்து அடிக்கு ஒரு முடிச்சு.

3. ஒவ்வொரு கிணற்றுக்கட்டிலும் ஓர் இடத்தில் மையால் சிறு புள்ளி வையுங்கள். எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். கட்டு சரிவாக இருக்கும் கிணறுகள் ஏராளம். எதிர்ப்பக்கத்திலிருந்து அளந்தால் மூன்று நாலு அங்குலம் மாறிவிடும்.

4. குடிக்கிற கிணறு என்றால் பேணியையும் கயிற்றையும் கொதிநீரில் கழுவிக் காயவிட்டுக் கொண்டுபோங்கள். தோட்டக் கிணற்றில் இறக்கிய கயிற்றை அப்படியே குடிகிணற்றில் இறக்கக் கூடாது. முடிந்தால் இரண்டு கயிறு வைத்திருங்கள்.

5. கயிற்றை இறக்குபவர் பெரியவர். பிள்ளை கட்டிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போட்ட சோக்குக் கோட்டுக்குப் பின்னால் நின்று சத்தம் கேட்கும். "டொப்" என்றதும் கையைத் தூக்கும். பெரியவர் புள்ளிக்கு நேரே கயிற்றைப் பிடித்து மேலே எடுத்துத் தர, பிள்ளை எண்ணி எழுதும்.

6. மூன்று தரம் இறக்குங்கள். மூன்றும் அரை அடிக்குள் பொருந்தாவிட்டால் மறுபடி.

7. கட்டின் உயரத்தைக் கழித்து, நிலத்திலிருந்து நீர் வரை எத்தனை அடி என்று எழுதுங்கள்.

பெரிய பிழை நேரத்தில் வரும். முதலாம் வருடம் எங்கள் குழு ஒரு கிணற்றைப் பாடசாலை விட்ட பிறகு, பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்து வந்தது. ஒரே கிழமையில் மட்டம் நாலு அடி இறங்கிவிட்டது என்று பிள்ளைகள் பதறிப்போனார்கள். நானும் பதறினேன். அன்று காலை முழுதும் பக்கத்துத் தறையில் மோட்டர் போட்டு இறைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து விதி ஒன்று: சனி அல்லது ஞாயிறு காலை, இறைப்புத் தொடங்கும் முன். கொப்பியில் 'முதல்நாள் இறைப்பு நடந்ததா?' என்று ஒரு நிரல் கட்டாயம் இருக்க வேண்டும்.

கொப்பியின் மற்ற நிரல்கள்: திகதி, நேரம், ஆழம், அந்தக் கிழமை மழை, தண்ணீரின் நிறமும் மணமும், குறிப்பு. 'குறிப்பு' நிரலை அகலமாக விடுங்கள். "ஆச்சி இண்டைக்கு வாழைக்கு வாய்க்கால் மாத்தினவ" என்று ஒரு பிள்ளை எழுதியது எங்கள் கொப்பிகளிலேயே எனக்குப் பிடித்த வரி.

உப்பு, கேத்தில், சவர்க்காரம்

வீட்டில் இருப்பவற்றாலேயே நீரின் தன்மையை ஒப்பிடலாம். ஒரே அளவான போத்தல்களில் ஒரே அளவு நீர், ஒரே அளவு சவர்க்காரத் துருவல், இருபது குலுக்கு. நுரை எத்தனை அங்குலம்? மழைநீரையும் ஒரு போத்தலில் வையுங்கள். பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் காறையை ஒவ்வொருவரும் பார்த்து வரச் சொல்லுங்கள். நாங்கள் நடக்கும் கல்தான் கேத்திலுக்குள்ளும் இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

உப்பளவைக் காட்டும் சிறிய ரி.டி.எஸ். மீற்றர் ஒன்றை இரண்டு பாடசாலைகள் சேர்ந்து வாங்கலாம். எண்ணைக் கண்டு பயப்படாமல் ஒரே கிணற்றின் எண் மாதா மாதம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

கவனிக்க: இந்த மீற்றர் நைத்திரேற்றைத் தனியாகக் காட்டாது, எண்ணெயைக் காட்டாது, கிருமியைக் காட்டாது. "மீற்றரில நம்பர் குறைவு, அப்ப குடிக்கலாம்" என்ற முடிவுக்குப் பிள்ளை வந்தால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். நைத்திரேற்றைக் கொதிக்கவைத்தும் போக்க முடியாது. நீர் வற்ற, நைத்திரேற்று இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். ஆனால் அந்தச் செய்தியைப் பிள்ளையின் வாயால் அனுப்ப வேண்டாம். குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், அவர் சொல்வார்.

தெரியாத கிணற்று நீரை ருசி பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். சவரா நல்ல தண்ணீரா என்று கிணற்றுக்காரரிடம் கேட்டு எழுதினால் போதும்.

மழையைப் பிடித்து எண்ணுதல்

நேர்ப் பக்கங்களுள்ள பிளாஸ்ரிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடியில் வளைவு இருந்தால் கூழாங்கல்லும் சீமெந்தும் போட்டு மட்டமாக்கி, அதற்கு மேலே அளவுகோல் ஒட்டுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, திறந்த இடத்தில். தினமும் காலை 8 மணிக்குப் பார்த்து, எழுதி, ஊற்றிவிட வேண்டும். ஊற்ற மறந்தால் நீங்கள் அளப்பது மழையை அல்ல, நுளம்புக் குடம்பியை.

பிறகு கணக்கு. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். வகுப்பறைக் கூரை 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் என்றால் 60 சதுர மீற்றர். ஒரு நாளில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 1,500 லீற்றர். குடாநாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில். வருடத்துக்கு அந்த ஒரு கூரையில் 75,000 லீற்றர். இந்தக் கணக்கை நீங்கள் கரும்பலகையில் செய்துகாட்டாமல் பிள்ளைகளே செய்து முடிக்க ஒரு பாடவேளை முழுதும் விடுங்கள். அந்த 75,000 லீற்றர் இப்போது எங்கே போகிறது என்பதை மழை நாளில் குடையோடு வாசலில் நின்று பார்க்கட்டும். பெரும்பாலும் வீதிக் கானுக்கும் அங்கிருந்து கடலுக்கும் போகும்.

அப்புவும் ஆச்சியும் ஆசிரியர்கள்

சமூகத்தோடு சேர்ந்த கல்வி என்றால், ஒரு முதியவரைப் பாடசாலைக்கு அழைத்து மாலை போட்டு ஒலிவாங்கியைக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒலிவாங்கியைப் பிடித்ததும் அவர் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுவார். அவரைக் கிணற்றடியிலேயே சந்தியுங்கள். கை தானாகவே பழைய வேலையைச் செய்து காட்டும்.

மூன்று பிள்ளைகளுக்கு ஒரு முதியவர். கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். "சுற்றாடல் பற்றி உங்கள் கருத்து என்ன?" போன்ற கேள்வியை வெட்டிவிடுங்கள். கேட்க வேண்டியது இப்படி:

"அப்பு, உங்கட சின்ன வயசில ஆடி மாசம் இந்தக் கிணத்தில தண்ணி எவ்வளவு நிண்டது?"

"அந்தா அந்தப் படி தெரியுதெல்லே, அது மறையாது பிள்ளை. துலா மிதிச்செல்லோ இறைச்சனாங்கள். ஒருத்தர் துலாவில, ஒருத்தர் பட்டை பிடிக்க, ஒருத்தர் தண்ணி மாற. வெயில் ஏற விட்டிடுவம். மெசின் வந்தாப் பிறகு ஆர் விடுறது?"

ஒரு படி. அதை அளந்து இன்றைய மட்டத்தோடு ஒப்பிட்டால் அறுபது வருடக் கணக்குக் கையில் கிடைக்கிறது. அப்பு சொன்னதை வேதவாக்காகவும் எடுக்க வேண்டாம். அதே கேள்வியை இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுப் பொருந்துகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பழையது எல்லாம் பொன் என்று அவர்கள் எழுதத் தொடங்கினால், துலா மிதித்துத் தவறி விழுந்தவர்களைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள்.

கேணி, துரவு, ஆவுரஞ்சிக்கல், வாய்க்கால் தண்ணி மாறுதல், இருவாட்டி மண் போன்ற சொற்கள் பேச்சில் வரும். பிள்ளைகளுக்குத் தெரியாத சொல் ஒவ்வொன்றையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதவையுங்கள். ஊரில் தூர்ந்துபோன குளம் ஒன்றைக் கண்டுபிடிக்க, வரைபடத்தைவிட அந்தச் சொற்பட்டியல் உதவும்.

வரைபடமும் கூட்டமும்

மாசியில் பிள்ளைகள் குறிச்சியின் வரைபடத்தைப் பெரிய தாளில் கீறட்டும். கிணறுகள், மலசலகூடக் குழிகள், குளம், வெள்ளம் ஓடும் வழி, குப்பை கொட்டும் இடம். குடிகிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் வெடிப்புக் கல்லில் அதற்கு மேலும் இருந்தால்தான் நிம்மதி. இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்டியவர் எங்கே போவார் என்பதும் உண்மைதான். வரைபடம் அந்தக் கேள்வியை மறைக்கக் கூடாது. அதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்கவும் கூடாது.

இங்கே நாங்கள் சறுக்கினோம். கிணற்றுக்காரரின் பெயர்களோடு வரைபடத்தைக் கூட்டத்தில் தொங்கவிட்டோம். ஒரு பிள்ளை உற்சாகத்தில், "இந்தக் கிணத்துத் தண்ணிதான் ஆகக் கூடாது" என்று கையைக் காட்டியது. அந்த வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். அந்தக் குடும்பம் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால்:

- வரைபடத்தில் பெயர் வேண்டாம், இலக்கம் மட்டும்.
- கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய கணக்கைத் தனித்தாளில் கொடுங்கள்.
- ஆய்வுகூட முடிவு வந்திருந்தால் அதைப் பரிசோதகரே வீட்டில் விளங்கப்படுத்தட்டும்.
- கூட்டத்தில் பேசுவது முழுக் குறிச்சியின் மட்டம்: மார்கழியில் எவ்வளவு ஏறியது, பங்குனியில் எவ்வளவு இறங்கியது.
- ஒரே ஒரு முடிவோடு கூட்டம் கலையட்டும். பத்துத் தீர்மானம் எடுத்தால் ஒன்றும் நடக்காது.

செய்யக்கூடிய வேலை

அளப்பது எட்டு மாதமும் நடக்கும். அதன் நடுவே கையால் செய்யும் வேலை ஒன்றாவது இல்லாவிட்டால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். நான் முதலில் வைப்பது பனங்கொட்டை.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். பிள்ளைகள் பொறுக்கிச் சேர்க்கட்டும். பாதியைப் பாடசாலை வளவில் மண்ணைக் கூட்டிப் பாத்தி போட்டு அடுக்குங்கள். மூன்று நாலு மாதத்தில் கிழங்கு. தையில் பாத்தி கிண்டும் நாளைக் கொண்டாட்டமாக வையுங்கள். கிழங்கு அவித்து, மீதியை ஒடியலுக்குக் காயப்போடலாம். மற்றப் பாதியைக் குளக்கட்டிலும் ஒழுங்கை ஓரத்திலும் பத்தடிக்கு ஒன்றாக நேரே நிலத்தில் புதையுங்கள், காணிக்காரரையும் பிரதேச சபையையும் கேட்டுக்கொண்டு. பைகளில் வளர்த்துப் பிடுங்கி நடப் பார்ப்பது வழமையான பிழை. பனை இலையைக் காட்டும் முன் ஆழத்துக்கு இறங்கிவிடும், பிடுங்கினால் அறுந்துபோகும். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளுக்கு ஈடு செய்ய எத்தனை வருடம் எடுக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். காய்க்கவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

மற்ற மரங்களை நடுவதும் கார்த்திகையில்தான். வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததே மழையைப் பார்த்துத்தான். யூன் 5 அன்று கன்று நட வேண்டாம். போன கார்த்திகையில் நட்டதற்குத் தண்ணீர் ஊற்றி, எத்தனை தப்பியது என்று எண்ணுங்கள்.

கிணற்றடிக் கழிவுநீரை வாழைக்கும் கமுகுக்கும் திருப்புவது, கூரை நீரை வடிகட்டி மூடிய தொட்டியில் சேர்ப்பது ஆகியவை அடுத்த அத்தியாயத்தில் வரும். கூரை நீரை நேரே குடிகிணற்றுக்குள் இறக்க வேண்டாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பறவை எச்சமும் கூரைத் தூசும் அதோடு போகும்.

பாதுகாப்பு

இந்தப் பகுதியைப் படி எடுத்துப் பொறுப்பாளர் ஒவ்வொருவரின் கையிலும் கொடுங்கள்.

1. கட்டு மூன்று அடிக்குக் குறைந்த கிணறும், கட்டே இல்லாத தோட்டக் கிணறும் பட்டியலில் சேரக் கூடாது. அவற்றின் கணக்கு எவ்வளவு சுவையாக இருந்தாலும் சரி.

2. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். கிணற்றடிக்கு ஒரு தரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் போகக் கூடாது. நீளக் கயிறும், காற்று நிரப்பிய ரியூப்பும் கூடவே போக வேண்டும்.

3. மிதிவெடி. போர் நடந்த, மக்கள் நெடுங்காலம் இல்லாதிருந்த காணிகளில் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருந்தால் திரும்புங்கள். பலகை இல்லை என்பதால் பயமில்லை என்றும் ஆகாது. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடக் கூடாது. தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி 119க்கு அறிவிக்க வேண்டும். பனங்கொட்டை பொறுக்கப் போகும் நாளில் இதை இரண்டு தரம் சொல்லுங்கள். பற்றைக்குள் கை விடும் வேலை அது.

4. பாம்பு. கண்ணாடி விரியனும் சுருட்டையும் குடாநாட்டில் உண்டு. மூடிய சப்பாத்து, கையில் தடி. கடித்தால் கீறவும் கட்டவும் வேண்டாம், அசையாமல் வைத்து 1990 அம்புலன்சை அழையுங்கள்.

5. வெள்ளத்தில் இறங்கக் கூடாது. 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் குடித்தது. மழைக்காலத்தில் காலில் புண் உள்ள பிள்ளை வீட்டில் நின்று கணக்கை எழுதட்டும்.

6. இடி கேட்டால் அன்றைய வேலை முடிந்தது.

7. பிள்ளைகளின் படத்தையும் வீட்டு விலாசத்தையும் முகநூலில் போட வேண்டாம். பெற்றாரின் கையெழுத்து இருந்தாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கணக்கு இல்லாத கிழமைகள்

சோதனை, திருவிழா, மழை, ஆசிரியர் இடமாற்றம். இடையில் நாலு கிழமை அளக்காமல் போகும். அந்தக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள். முன்னும் பின்னும் பார்த்து நடுவில் ஓர் எண்ணை நிரப்பப் பிள்ளைகளுக்கு ஆசை வரும், சில ஆசிரியர்களுக்கும் வரும். ஒரு பொய் எண் நுழைந்தால் மற்ற எல்லா எண்களையும் சந்தேகிக்க வேண்டி வரும் என்று சொல்லி, வெறும் கட்டத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதவையுங்கள். நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போவதென்றால் கொப்பிகள் பாடசாலை அலுமாரிக்குள் போகக் கூடாது. சனசமூக நிலையத்தில் ஒன்று, கிராம அலுவலரிடம் படி ஒன்று.

இனி உங்கள் வேலை. வருகிற சனிக்கிழமை காலை, மோட்டர் போடும் முன், உங்கள் வீட்டுக் கிணற்றில் பேணியை இறக்கிப் பாருங்கள். அதுதான் கொப்பியின் முதலாவது வரி.